ஏழும் ஒரே கூரையின் கீழ்: ரோகிர் வான் டெர் வெய்டனின் ஆன்ட்வெர்ப் பீடப்படம்

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2024

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் அருங்காட்சியகத்தில் 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ரோகிர் வான் டெர் வெய்டனின் "ஏழு அருட்சாதனங்கள்" பீடப்படத்தை, அதாவது கோயில் பீடத்தின்மேல் வைக்க வரைந்த படத்தை, பார்த்தேன். அருட்சாதனங்கள் என்பவை கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு புனிதச் சடங்குகள். ஏமாற்றம்தான். ஞானோபதேச வகுப்பில் சுவரில் மாட்டுகிற அட்டவணை போல இருக்கிறது: இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று, நடுவில் ஒன்று, மேலே தேவதூதர்கள் பெயர்ப்பலகை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கோயிலின் நடுவே இத்தனை பெரிய சிலுவை எதற்கு? அளவும் பொருந்தவில்லை, காலமும் பொருந்தவில்லை. அதே காலத்து ஓவியர் யான் வான் எய்க்கின் கெண்ட் நகரத்துப் பீடப்படத்துக்கு அருகே இதை வைத்துப் பேசலாமா?

6 ஜனவரி, மாலை

அட்டவணை என்று எப்படித்தான் எழுத மனம் வந்தது! நான் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தபோது அந்த அருங்காட்சியகம் மூடிக் கிடந்தது. 2011இல் பூட்டியவர்கள் 2022 செப்டம்பரில்தான் கதவைத் திறந்தார்கள். அதுவரை அச்சுப் படத்தில் மட்டும் பார்த்துப் பார்த்து ஏங்கிய படம் இது. சும்மா விடப்போவதில்லை.

அட்டவணைக்கு ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசை அப்போது எழுத்திலேயே இருந்தது. 1439 நவம்பரில் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை) அர்மீனியருக்காக வெளியிட்ட ஆணையில் ஏழையும் அடுக்கியிருக்கிறார்கள்: ஞானஸ்நானம் (தண்ணீர் ஊற்றித் திருச்சபையில் சேர்ப்பது), உறுதிபூசுதல் (ஆயர், அதாவது பிஷப், நெற்றியில் எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்துவது), நற்கருணை (பூசையில் கிறிஸ்துவின் உடலாகும் அப்பம்), பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது), அவஸ்தைப்பூசுதல் (சாகும் நிலையில் இருப்பவருக்கு எண்ணெய் பூசுவது), குருப்பட்டம் (ஒருவரைக் குருவாக்குவது), திருமணம். நற்கருணை மூன்றாவது, திருமணம் கடைசி. ரோகிர் இந்தப் படத்தை வரைந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1440களில். அவருடைய வரிசையைப் பாருங்கள். இடப்பக்கம் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், பாவசங்கீர்த்தனம். வலப்பக்கம் குருப்பட்டம், திருமணம், அவஸ்தைப்பூசுதல். நற்கருணை நான்காவதாகி, ஏழின் சரிநடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. பாடத்தை ஒப்பிக்கிறவர் வரிசையைக் கலைக்கமாட்டார்.

6 ஜனவரி, இரவு

இன்னொன்று. அந்த ஏழும் கட்டம் கட்டமாக இல்லை, ஒரே தரையில் இருக்கின்றன. மூன்று பலகைகளும் சேர்ந்து ஒரே கோதிக் கோயில். நடுப்பலகை கோயிலின் நடுக்கூடம், பக்கப் பலகைகள் இரண்டும் பக்கக்கூடங்கள். நடுப்பலகையின் உயரம் சுமார் 2 மீட்டர். பக்கப் பலகைகள் 1.2 மீட்டர் அளவுதான், ஏனென்றால் உண்மைக் கோயிலிலும் பக்கக்கூடம் தாழ்வாகத்தானே இருக்கும். சட்டமே கட்டடத்தின் குறுக்குவெட்டாகிவிடுகிறது.

இடப்பக்கக் கூடத்தில் ஞானஸ்நானம் நமக்கு மிக அருகே நடக்கிறது. உறுதிபூசுதல் அதற்கு உள்ளே. பாவசங்கீர்த்தனம் இன்னும் உள்ளே. வலப்பக்கம் இது திரும்புகிறது: குருப்பட்டம் ஆழத்தில், திருமணம் சற்று முன்னால், சாகிறவரின் கட்டில் நம் காலடியில். கண் ஒரு பக்கமாக உள்ளே போய், கோயிலின் அடியைத் தொட்டு, மறுபக்கமாக வெளியே வருகிறது. அந்தத் திருப்பத்தில்தான் பீடம் இருக்கிறது. நீங்கள் பெயர்ப்பலகை என்று எழுதிய சுருள்களில் இருப்பவை வேதாகமத்திலிருந்தும் திருச்சபைத் தந்தையரிடமிருந்தும் எடுத்த இலத்தீன் வரிகள். தேவதூதர்களின் உடை நிறமும் இடமிருந்து வலமாக மாறிக்கொண்டே போகிறது. ஞானஸ்நானத்துக்கு மேலே வெள்ளை, அவஸ்தைப்பூசுதலுக்கு மேலே கறுப்பு.

8 ஜனவரி

"அப்படியானால் நற்கருணை எங்கே? எனக்குச் சிலுவை மட்டும்தான் தெரிகிறது" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி, ஏனென்றால் ஓவியர் உங்களை அப்படித்தான் தேடவைக்கிறார்.

சிலுவை கோயில் தரையில் ஊன்றியிருக்கிறது. அதன் உச்சி ஏறக்குறைய மேல்வளைவை எட்டுகிறது. மயங்கிச் சாயும் மரியாவை யோவான் தாங்கிப்பிடிக்க, மற்றப் பெண்கள் அழுகிறார்கள். அவர்களைத் தாண்டி, சிலுவைக்குப் பின்னால், தொலைவில் ஒரு பீடம். நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு குரு இரு கைகளாலும் அப்பத்தைத் தலைக்கு மேலே உயர்த்துகிறார். இதற்கு எழுந்தேற்றம் என்று பெயர். படத்தின் மிகப் பெரிய உருவமும் மிகச் சிறியவற்றில் ஒன்றும் ஒரே அச்சில் அமைகின்றன. சிலுவையில் தொங்கும் உடலும் குரு கையில் இருக்கும் அப்பமும் ஒன்றே என்பதுதான் அந்தக் கால விசுவாசம். இதைச் சொல்ல ரோகிர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஒன்றை இன்னொன்றுக்குப் பின்னால் நிறுத்தினார், அவ்வளவுதான்.

"காலம் பொருந்தவில்லை" என்றீர்களே, இதோ அதற்குப் பதில். அந்தக் கோயிலில் பூசை நடக்கும் ஒவ்வொரு நாளும், கிறிஸ்து சிலுவையில் இறந்த கல்வாரி அங்கே இருக்கிறது என்று நம்பியவர்களுக்காக வரைந்த படம் இது. சிலுவையை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது ஒரு கோயிலில் ஒரு நாள் நடந்த ஆறேழு சடங்குகள் மட்டுமே.

8 ஜனவரி, சற்றுப் பிறகு

ஏன் எழுந்தேற்றம்? நற்கருணை வாங்கும் காட்சியை ஏன் வரையவில்லை? இதை நெடுநேரம் யோசித்தேன்.

1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், விசுவாசிகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது, உயிர்ப்புக் (ஈஸ்டர்) காலத்தில், நற்கருணை வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பெரும்பாலானவர்களுக்கு அந்த ஒரு முறையோடு சரி. மற்ற நாளெல்லாம் அவர்கள் நற்கருணையைக் கண்ணால்தான் வாங்கினார்கள். மணி அடித்ததும் தலை நிமிர்ந்து, உயரும் அப்பத்தைப் பார்ப்பதுதான் பூசையின் உச்சம். ஒரு பீடத்தில் பார்த்துவிட்டு அடுத்த பீடத்துக்கு ஓடியவர்களும் உண்டு. பார்ப்பதே உண்பதாக இருந்த காலத்தில், பீடத்துக்கு மேலே வைக்கும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணம் வேறு எது? படத்துக்குள் ஒரு குரு அப்பத்தை உயர்த்துகிறார், படத்துக்கு முன்னால் நிற்கும் உண்மையான குருவும் அதே நேரத்தில் அப்பத்தை உயர்த்துவார். அருங்காட்சியகத்தில் நமக்கு இந்த இரண்டாவது கை கிடைப்பதில்லை. உங்கள் ஏமாற்றத்தில் ஒரு பங்கு இதனால் வந்திருக்கலாம்.

11 ஜனவரி

இரண்டு பேர் இதை "ஒரு மனிதனின் வாழ்க்கை, பிறப்பு முதல் இறப்பு வரை" என்று விளக்கியிருக்கிறார்கள். பல வழிகாட்டிகளும் இப்படிச் சொல்வது உண்டு. எனக்கு ஒப்பவில்லை.

ஒரே மனிதர் குருப்பட்டமும் பெற்று அடுத்து மணமும் முடிப்பது எப்படி? இலத்தீன் திருச்சபையில் குருவானவருக்கு மணம் இல்லை. பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை. அந்த வலப்பலகையில் குருப்பட்டத்துக்கு அடுத்தே ஒரு மணமக்கள் நிற்கிறார்கள், குரு தம் தோளில் அணியும் ஸ்டோல் துணியை அவர்களுடைய சேர்ந்த கைகள்மேல் சுற்றுகிறார். அவர்கள் வேறு, பட்டம் பெறுகிறவர் வேறு, கட்டிலில் கிடப்பவர் வேறு. ஏழும் ஒருவருக்கு நடப்பதாக ரோகிர் வரையவில்லை. ஓர் ஊருக்கே நடப்பதாக வரைந்திருக்கிறார். ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கு முதல் தண்ணீர் ஊற்றும்போது இன்னொருவருக்குக் கடைசி எண்ணெய் பூசுகிறார்கள், ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களில் யாரும் சிலுவையையும் பார்க்கவில்லை! பெரிய பங்குக் கோயிலில் சனிக்கிழமை மாலை நின்றவர்களுக்கு இது தெரியும்: ஒரு மூலையில் பாவசங்கீர்த்தனம், இன்னொரு மூலையில் திருமண ஒத்திகை, நடுவில் பூ அடுக்குகிறவர்கள்.

14 ஜனவரி

கட்டிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆன்ட்வெர்ப்புக்கு அருகே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக வேலை பார்க்கிறேன். அவஸ்தைப்பூசுதலை அறைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். இங்கே குருக்கள் குறைவு, பாதிப் பேருடைய பிள்ளைகளுக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் சில பாட்டிமார் கேட்பார்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பு வைக்கக் கூடாது என்பதால் பேட்டரி மெழுகுவத்திதான் வைப்போம். இப்போதைய முறைப்படி நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார்கள். பழைய முறையில் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஐம்புலன்களின் வாசல் ஒவ்வொன்றிலும் பூசி, அந்தப் புலனால் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பார்கள். ஒரு முறை மகள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று தொலைபேசியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். யாரை அழைப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தாள் என்று நினைக்கிறேன். அம்மாவின் உள்ளங்கையை விரித்துக் கொடுக்க அவளால் முடியவில்லை. நான்தான் விரித்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது வலப்பலகையை விட்டு நகர முடியவில்லை. ரோகிரின் மனிதர் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறார், சாம்பல் பூத்த முகம். சுற்றிலும் நிற்பவர்கள் யாரும் கதறவில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கட்டிலோ கோயிலுக்குள் கிடக்கிறது! 15ஆம் நூற்றாண்டில் யாரும் கட்டிலைக் கோயிலுக்குத் தூக்கிவந்து சாகவில்லை. குருதான் எண்ணெயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஏழில் இது ஒன்றுக்குத்தான் ரோகிர் இடத்தையே மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் இல்லாமல், போர்வை தலையணையோடு, கல்தரையின்மேல், பார்க்கிறவருக்கு மிக அருகே கொண்டுவந்து போட்டுவிட்டார். கண்ணுக்கு முதலில் அது விந்தையாகப் படுகிறது. பிறகு அந்த விந்தை மறைந்துவிடுகிறது. சாகிறவரை ஊரிலிருந்து பிரித்து ஒரு தனி அறையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். என் வேலையில் தினமும் பார்ப்பது அந்தத் தனி அறையைத்தான்.

15 ஜனவரி

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாவசங்கீர்த்தனமும் அங்கே திறந்த வெளியில்தான் நடக்கிறது. குரு நாற்காலியில் இருக்கிறார், எதிரே ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். மறைப்பும் இல்லை, சல்லடைச் சன்னலும் இல்லை. நாம் அறிந்த பாவசங்கீர்த்தனத் தொட்டி அடுத்த நூற்றாண்டில்தான் வருகிறது; மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோதான் அதைப் பரப்பினார். சொல்வது யார் காதிலும் விழாது, ஆனால் மண்டியிட்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். மனிதர்கள் எதையும் ஒளித்துச் செய்யாத கோயில் அது.

17 ஜனவரி

உறுதிபூசுதல் காட்சியில் பிள்ளைகள் நெற்றியில் கட்டியிருக்கும் வெள்ளைத் துணி என்னவென்று கேட்டிருந்தார்கள். காயக்கட்டு இல்லை. ஆயர் நெற்றியில் பூசிய கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் வழிந்துவிடாமலும் கைபடாமலும் இருக்க அந்தத் துணியைக் கட்டுவார்கள். எண்ணெய் பூசும் ஆயரின் முகம் ஜான் ஷெவ்ரோவின் முகம் என்கிறார்கள். அவர் 1436 முதல் 1460 வரை துர்னே ஆயர், பர்கண்டி கோமகன் 'நல்லவர்' பிலிப்பின் அவையில் பெரிய கை. ரோகிரும் துர்னேயில் பிறந்தவர்தான். வளைவுகளின் மூலைகளில் ஷெவ்ரோவின் மரபுச்சின்னமும் துர்னே மறைமாவட்டத்தின் சின்னமும் இருக்கின்றன. ஆகவே பணம் கொடுத்தவர் யார் என்பதில் பெரிய சண்டை இல்லை. ஷெவ்ரோ தம் சொந்த ஊரான பொலிஞியின் கோயிலில் அமைத்த சிற்றாலயத்துக்காக இது வரையப்பட்டிருக்கலாம் என்பது பலர் கருத்து. 1826இல் திஜோன் நகரில் ஒரு குடும்பத்தின் வாரிசுகளிடமிருந்து இதை ஃப்ளோரன் வான் எர்ட்போர்ன் வாங்கினார். அவர் ஆன்ட்வெர்ப் மேயராக இருந்தவர். 1841இல் அவருடைய உயில்படி படம் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது.

17 ஜனவரி, இரவு

இப்போது ஒரு சிக்கல். சில தலைகள் பலகையில் நேரடியாக வரைந்தவை அல்ல. மெல்லிய உலோகத் தகட்டில் தனியாக வரைந்து, பிறகு உடல்மேல் ஒட்டப்பட்டவை. உண்மையான மனிதர்களை அவரவர் இருக்கும் இடத்தில் பார்த்து வரைந்து கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது நியாயமான ஊகம்.

இதைப் படித்தபோது முதலில் மனம் கசந்தது. நான் 11ஆம் தேதி "ஓர் ஊர்" என்று எழுதினேன். அந்த ஊரில் இடம் பிடிக்கச் செல்வாக்கு வேண்டியிருந்ததா? பெரிய மனிதர் முகத்தைப் பிறகு ஒட்டிக்கொள்ள வசதியாக வெற்றுடல் காத்திருந்ததா? இரண்டு நாளாக இதே நினைப்பு. ஆனால் ஒட்டிய முகங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சிலுவையடியில் மரியாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, புரவலர் என்று அறிவித்துக்கொண்டு இல்லை. அந்தக் காலத்துப் பீடப்படங்களில் புரவலர் முன்னால் மண்டியிடுவது வழக்கம். கெண்ட்டில் யோடொக்கஸ் வெய்டும் மனைவியும் மூடிய கதவுகளில் ஆளுயரத்துக்கு இருக்கிறார்கள். ஷெவ்ரோவோ வேலை செய்துகொண்டிருக்கிறார். தம் கடமையில் ஒரு பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆயராகத்தான் அவர் இங்கே நினைக்கப்படுகிறார். செல்வாக்கு இருந்தது, ஆனால் அது கேட்டு வாங்கியது ஒரு வேலைக்காரனின் இடத்தை. எனக்கு இது போதும்.

21 ஜனவரி

யாரோ ஒருவர் வான் எய்க்கின் 1434ஆம் ஆண்டு அர்னோல்ஃபினி இரட்டை உருவப்படத்தை இழுத்துவந்திருக்கிறார்: "அதுதான் திருமண அருட்சாதனத்தின் மிகச் சிறந்த படம்." இந்தப் பேச்சு 1934இல் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. அறைக்குள் இருவர் தங்களுக்குள் மணம் செய்துகொள்கிறார்கள், சுவரில் "யான் வான் எய்க் இங்கே இருந்தார்" என்று எழுதியது சாட்சிக் கையெழுத்து, பகலில் எரியும் ஒற்றை மெழுகுவத்தி மணவிளக்கு என்பது அவர் வாதம்.

வாதத்தின் அடித்தளம் உண்மைதான். திருமணத்தில் அருட்சாதனத்தை நிறைவேற்றுகிறவர்கள் மணமக்களே. மற்ற ஆறிலும் வழக்கமாகக் குருவோ ஆயரோ செய்கிறார். இதில் இருவர் கொடுக்கும் சம்மதம்தான் அருட்சாதனம். 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் பங்குக் குருவும் சாட்சிகளும் வேண்டும் என்று கட்டாயமாக்கும் வரை, அறைக்குள் கொடுத்த வாக்குறுதியும் செல்லும். ஆனால் படத்தில் இருப்பவர்கள் யார் என்று சொல்லிவந்தார்களோ அந்த ஜொவான்னி தி அரிகோ அர்னோல்ஃபினியும் ஜொவான்னா செனாமியும் மணம் முடித்தது 1447இல் என்று ஆவணம் கிடைத்துவிட்டது. படத்துக்கு 13 ஆண்டு கழித்து. வான் எய்க் இறந்தே 6 ஆண்டு ஆகியிருந்தது. ஆகவே அது மணச்சான்று என்ற கதை இப்போது நிற்பதில்லை. நிச்சயதார்த்தம் என்பாரும் உண்டு, செல்வக் குடும்பத்தின் உருவப்படம், அவ்வளவுதான் என்பாரும் உண்டு.

ரோகிரின் மணமக்களிடம் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. சேர்ந்த கைகள், மேலே ஸ்டோல் துணி. சம்மதம் அவர்களுடையது, துணி திருச்சபையுடையது. இரண்டும் ஒரு சாண் இடத்துக்குள் தெரிகின்றன.

22 ஜனவரி

கெண்ட்டை விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பீடத்தின்மேல் நின்று மார்பிலிருந்து கிண்ணத்துக்குள் இரத்தம் பாய்ச்சும் அந்த ஆட்டுக்குட்டியை நானும் வணங்குகிறேன். 2020இல் பழைய மேற்பூச்சை நீக்கிக் காட்டிய முகம், நம்மை நேராக முறைக்கும் அந்தக் கண்கள், எனக்குப் பிடிக்கும். கேலி செய்தவர்கள் பக்கம் நான் இல்லை. அந்தப் பீடப்படம் அதிகாரபூர்வமாக வைக்கப்பட்ட 1432 மே 6 அன்று அதே கோயிலில் கோமகன் பிலிப்பின் மகன் யோஸுக்கு ஞானஸ்நானம் நடந்தது. படமும் அருட்சாதனமும் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ்! ஆனால் வான் எய்க்கின் படத்தில் நாம் விண்ணகத்துக்குப் போகிறோம். ரோகிரிடம் அது நம் பங்குக் கோயிலுக்கு வருகிறது. இரண்டையும் தராசில் வைக்க நான் தயார் இல்லை.

27 ஜனவரி

"ஓவியர்கள் தாங்களாகவே இப்படி இறையியல் யோசித்திருப்பார்களா?" யோசித்தார்கள், ஆலோசனையும் பெற்றார்கள். இதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது, ஆன்ட்வெர்ப்பில் இல்லை, லூவன் நகரில்.

1464 மார்ச் 15 அன்று லூவன் நற்கருணைச் சபையின் நான்கு நிர்வாகிகள் ஓவியர் டீரிக் பவுட்ஸோடு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். கூலி 200 ரைன் கில்டர். இந்த வேலை முடியும்வரை வேறு வேலை எடுக்கக் கூடாது. என்ன வரைவது, எப்படி வரைவது என்பதில் இரண்டு இறையியல் பேராசிரியர்கள், யான் வாரெனாக்கரும் ஹிலிஸ் பைலூவெலும், சொல்வதைக் கேட்க வேண்டும். 1468இல் வேலை முடிந்தது. நடுவே இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவு. நான்கு பக்கப் படங்களில் அப்பமும் இரசமும் கொண்டுவரும் மெல்கிசேதேக்கு, பாஸ்கா உணவு, பாலைவனத்தில் மன்னா பொறுக்குதல், வானதூதர் எலியாவை எழுப்பி அப்பம் கொடுத்தல். பழைய ஏற்பாட்டில் நற்கருணைக்கு முன்னடையாளமாகச் சொல்லப்படும் நான்கு உணவுகள் அவை.

பெரும்பாலான இராவுணவுப் படங்களில் "உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்ற அதிர்ச்சிதான் காட்சி. பவுட்ஸ் அதைத் தொடவில்லை. கிறிஸ்து கையை உயர்த்தி அப்பத்தை ஆசீர்வதிக்கிறார், அறையே பூசை நேரத்தில் இருப்பது போல அசையாமல் இருக்கிறது. கிண்ணத்துக்கு மேலே அப்பம், கிறிஸ்துவே குருவாக நிற்கிற அமைப்பு. 1264இல் திருத்தந்தை (போப்) நான்காம் உர்பான் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் நிறுவினார். ஒப்பந்தம் அதற்குச் சரியாக 200 ஆண்டு பிந்தியது. அந்த விழா பிறந்ததும் தொலைவில் இல்லை: லியேஜ் நகரத்துத் துறவி ஜூலியானாவின் விடாப்பிடியால் 1246இல் அந்த மறைமாவட்டத்தில்தான் அது முதலில் தொடங்கியது. இந்த மண்ணின் விழா.

இதைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம், புனித பேதுரு கோயிலுக்கே போகலாம். பக்கப் பலகைகளை 19ஆம் நூற்றாண்டில் விற்றுவிட்டார்கள், அவை பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் போய்விட்டன. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கையில் தனி வாசகம் போட்டு ஜெர்மனியிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் மறுபடி தூக்கிச் சென்றார்கள், மறுபடி மீட்டார்கள். எந்தக் கோயிலுக்கு, எந்தச் சபைக்காக வரைந்தார்களோ அங்கேயே இன்றும் நிற்கிறது. பூசைக்கு நடுவே இருமல் சத்தத்தோடு அதைப் பார்க்க முடிகிறது.

3 பிப்ரவரி

எழுத மனமில்லாமல் தள்ளிப்போட்டதை இன்று எழுதுகிறேன். நற்கருணைப் பக்தியைப் பற்றி இவ்வளவு உருகிவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ரோகிரின் படத்தில் உள்ள கோயில் பிரஸ்ஸல்ஸில் உள்ள புனித மிக்கேல், புனித குடுலா கோயிலை நினைவூட்டுகிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர் அந்த நகரத்தின் அதிகாரபூர்வ ஓவியர், 1464 ஜூனில் இறந்தபோது அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அதே கோயிலில் ஒரு "அற்புத நற்கருணை" வணக்கம் இருந்தது. 1370இல் பிரஸ்ஸல்ஸ் யூதர்கள் அப்பங்களைத் திருடிக் கத்தியால் குத்தினார்கள், இரத்தம் வந்தது என்று பொய்க்குற்றம் சாட்டி, பலரை உயிரோடு எரித்தார்கள். மற்றவர்களைப் பிராபன்ட் நாட்டைவிட்டே துரத்தினார்கள். அந்த அப்பங்களுக்கு ஆண்டுதோறும் ஊர்வலம் எடுத்தார்கள். கண்ணாடிச் சன்னல்களில் அந்தக் கதையைத் தீட்டினார்கள். இன்றும் பேராலயத்தில் அவற்றைப் பார்க்கலாம். குற்றச்சாட்டு பொய் என்று சொல்லும் பலகையை 1977இல்தான் வைத்தார்கள்.

ரோகிரின் படத்தில் இதன் தடம் எதுவும் இல்லை. அதற்காக அவரைப் பாராட்டவும் எனக்கு உரிமை இல்லை. அவர் வரைந்தது துர்னே ஆயருக்கு, பிரஸ்ஸல்ஸ் ஊர்வலத்துக்கு இல்லை. ஆனால் குரு உயர்த்திய அந்தச் சின்ன வெள்ளை வட்டத்தைப் பார்க்கும்போது, அதன் பெயரால் எரிக்கப்பட்டவர்களை நினைக்காமல் என்னால் இனி பார்க்க முடியாது. "ஓர் ஊர்" என்று நான் கொண்டாடிய கூரையின் கீழ் அவர்களுக்கு இடம் இல்லாமல் போனது.

4 பிப்ரவரி

"கலையையும் வரலாற்றையும் குழப்பாதீர்கள்" என்று ஒரு மறுமொழி. பீடப்படம் வழிபாட்டுக் கருவி. வழிபாட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு அதன் விளைவை விட்டுவிட எனக்கு வராது. இந்தப் பேச்சை என் பக்கத்திலிருந்து இதோடு முடிக்கிறேன்.

10 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "எல்லாம் சரி, ஆனால் இதே அமைப்பை வேறு யாராவது செய்திருந்தால்தானே இது அட்டவணையா ஓவியமா என்று ஒப்பிட முடியும்?"

செய்திருக்கிறார்கள். மத்ரித் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் வ்ராங்கே வான் டெர் ஸ்டாக்ட்டின் மீட்புப் பீடப்படம் இருக்கிறது. அவர் ரோகிரைப் பின்பற்றியவர், ரோகிருக்குப் பிறகு பிரஸ்ஸல்ஸ் நகர ஓவியர் பொறுப்புக்கு வந்தவர். இடப்பலகையில் ஏதேனிலிருந்து துரத்தப்படும் ஆதாம் ஏவாள், வலப்பலகையில் உலக முடிவின் பொதுத்தீர்வை, நடுவே கோயில் வாயிலில் சிலுவை. அருட்சாதனங்களை அந்த வாயிலின் ஓரங்களில், அலங்காரச் சிறுகாட்சிகளாக ஏற்றிவிட்டார். அழகாகத்தான் இருக்கின்றன, திறமையான கை. ஆனால் அவை சட்டத்துக்குப் போய்விட்டன. மனிதர்கள் தரையை இழந்து மாடங்களில் அடைந்துவிட்டார்கள். அங்கே ஞானஸ்நானம் ஒரு படம், திருமணம் ஒரு படம், ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம். நீங்கள் சொன்ன குறை அந்தப் படத்துக்குப் பாதியாவது பொருந்தும்.

ரோகிரிடம் அப்படி ஒன்றை மறைக்க முடியாது. ஞானஸ்நானத் தொட்டிக்கருகே நிற்கிற ஞானத்தாயின் தலைக்கு மேலாகத்தான் ஆயர் தெரிகிறார், ஆயரைத் தாண்டித்தான் பாவசங்கீர்த்தனம் தெரிகிறது, எல்லாவற்றையும் ஒரே பக்கவெளிச்சம் தொட்டுப்போகிறது. அடுத்த முறை போகும்போது நடுப்பலகைக்கு நேரே நிற்காதீர்கள், இடக்கோடியில், ஞானஸ்நானத்துக்கு முன்னால் நின்று தொடங்குங்கள். உள்ளே போய், பீடத்தருகே திரும்பி, கட்டில் வழியாக வெளியே வாருங்கள். பிறகும் அட்டவணை என்று தோன்றினால் எழுதுங்கள், நாம் தொடர்ந்து சண்டை போடலாம்.